பச்சைக்குள் விடுங்கள்

நோர்வேயில் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோரே,

போன ஞாயிற்றுக்கிழமை வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு காட்டுக்குள் வழி தேடி ஓடுகிற ஓர் ஒரியன்டேரிங் ஓட்டம் முடிகிற இடத்தில் உங்களில் ஒருவரைக் கண்டேன். யார், எந்த ஊர் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அவருடைய மகளுக்கு 15 வயதிருக்கும். அவளோடு புறப்பட்ட பிள்ளைகள் எல்லாரும் வந்து சேர்ந்து, உடுப்பு மாற்றி, வாஃபல் தின்று முடித்து, வெகு நேரம் கழிந்த பிறகுதான் அவள் காட்டுக்குள் இருந்து வெளிப்பட்டாள். முழங்காலுக்கு மேல் சதுப்புச் சேறு. கன்னத்தில் ஒரு கீறல். தலைமுடி முழுக்க ஊசியிலை. ஆனால் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தகப்பன் முந்திக்கொண்டார்: "இனி உனக்கு இந்தக் காட்டு ஓட்டம் வேண்டாம். காணும்." சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தார். அவள் பின்னால் போனாள்.

காட்டுக்குள் கொடி வைத்துக் கண்டுபிடிக்க விட்டிருந்த போஸ்ட்டுகளில் ஒன்றையும் அவள் தவறவிடவில்லை. நேரம் பதிகிற எமிட் கருவியின் சீட்டில் எல்லாம் சரியாகப் பதிந்திருந்தது. ஏழாவது போஸ்ட்டுக்கு மட்டும் 38 நிமிடம். அது இருந்த பற்றையை எனக்குத் தெரியும். என் பிரிவின் ஓட்டமும் அதைத் தொட்டுக்கொண்டுதான் போனது. நானே 14 நிமிடம் அதற்குள் தடவித் திரிந்தேன். அந்த 38 நிமிடமும் அவள் தனியே நின்று என்ன யோசித்தாள், எப்படி அதிலிருந்து மீண்டாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற நானும் கேட்கவில்லை. அந்த வெட்கம்தான் இந்த மடலை எழுத வைக்கிறது.

உங்களைக் குற்றம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எட்டு வருடங்களுக்கு முன்னர், என் மகன் முதன்முதலாகப் பாதையை விட்டுக் காட்டுக்குள் நுழைந்த நாளில், என்னால் ஐந்து நிமிடம்கூடப் பொறுக்க முடியவில்லை. "தம்பி! தம்பி!" என்று கத்திக்கொண்டு அவன் பின்னாலேயே நானும் புகுந்தேன். அவன் எங்கேயோ போய்விட்டான். நான் ஒரு சதுப்புக்கும் ஒரு பாறைக்கும் நடுவில், எந்தப் பக்கத்தால் வந்தேன் என்றே தெரியாமல் நின்றேன். ஜீன்ஸும் கடைக்குப் போகிற சப்பாத்தும் போட்டிருந்தேன். எந்த மரத்தைப் பார்த்தாலும் முன்பு பார்த்த மரம் போலவே இருந்தது. கடைசியில் மூக்கு ஒழுகிக்கொண்டு ஒரு நோர்வேஜியச் சிறுமி வந்தாள். பத்து வயதுக்கு மேல் இராது. என் முன்னால் நின்று, வரைபடத்தை நீட்டி, பெருவிரலை ஓரிடத்தில் வைத்து, "நீங்கள் இங்கே நிற்கிறீர்கள்" என்றாள். பாதை எந்தப் பக்கம் என்று கையைக் காட்டிவிட்டுத் தன் பாட்டில் ஓடிவிட்டாள்.

மகன் எனக்கு முன்னரே வந்து சேர்ந்திருந்தான். "அப்பா, நீங்கள் கத்தினது எல்லாருக்கும் கேட்டது" என்றான். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த புதன்கிழமை மாலைப் பயிற்சிக்கு நானும் போய் நின்றேன். இன்று வயது போனவர்களுக்கான பிரிவில் ஓடுகிறேன். பெரும்பாலும் முதல் பத்துக்குள் வருகிறேன், பட்டியலைக் கீழிருந்து வாசித்தால்.

அன்றைக்கு ஏன் கத்தினேன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். உங்களுக்கும் அந்தக் காரணம் தெரியும். 1995 ஒக்ரோபர் கடைசியில், போரால், யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட சனத்தோடு நானும் நடந்தவன். பிறகு வன்னியில், பாலையும் வீரையும் நின்ற காட்டோரத்தில், தறப்பாளுக்குக் கீழ் இருந்தவன். "காட்டுக்குள்ள கால் வைக்காதை" என்று அம்மா சொன்னபோது யானையும் புடையன் பாம்பும் மட்டும் அவவின் மனதில் இருக்கவில்லை. மிதிவெடி இருந்தது. பாதையை விட்டு இறங்காதே என்பதை நாங்கள் புத்திமதியாகக் கேட்டு வளரவில்லை. இறங்கியவர்களுக்கு என்ன நடந்தது என்பதைப் பார்த்து வளர்ந்தோம். அந்தப் பயம் நியாயமானது. எங்களில் பலர் இன்று உயிரோடு இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் ஒரு சின்னக் கதை சொல்கிறேன். ஒரியன்டேரிங்காரர்கள் வழி தவறி நேரத்தைத் தொலைப்பதை நோர்வேஜிய மொழியில் "பொம்" என்பார்கள். "மூன்றாவது போஸ்ட்டில பெரிய பொம்" என்று பிள்ளைகள் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். என் மகன் முதல் தடவை வீட்டுக்குள் நுழைந்து, "அம்மா, இண்டைக்கு மூண்டு பொம்" என்றபோது, என் மனைவி கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு அவனைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். அவளுடைய காதில் விழுந்த சொல் வேறு. அவன் சொன்ன சொல், திரும்பி நடந்தால் சரியாகிவிடும் ஒரு பிழையின் பெயர். நாங்கள் இருக்கிற வீடுகளில் இந்த இரண்டு காதுகளும் ஒரே மேசையில் இருந்துதான் சாப்பிடுகின்றன. எங்கள் காதுக்குக் கேட்டதை வைத்து அவர்களுடைய காட்டைப் பூட்டிவிடுகிறோம் என்பதுதான் என் முதல் முறைப்பாடு.

இந்தக் காட்டில் மிதிவெடி இல்லை. யானை இல்லை. நஞ்சுள்ள பாம்பென்றால் ஹுக்கோர்ம் என்ற ஒரே இனம்தான். ஓடிவருகிற காலின் அதிர்வு தெரிந்தால் அதுவும் பெரும்பாலும் விலகிவிடும். காடு யாருடைய சொத்தாக இருந்தாலும் அதற்குள் கால்நடையாகப் போக எல்லாருக்கும் உரிமை உண்டு என்று 1957 ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டம் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்று கேட்பதில்லை. நாங்கள் இந்த நாட்டில் வீடு வாங்கக் கடன்பட்டோம், வேலைக்கு மொழிச் சோதனை எழுதினோம், குடியுரிமைக்கு வருடக்கணக்காகக் காத்திருந்தோம். காத்திருக்காமல், கடன்படாமல், வந்த நாளே எங்களுக்குக் கிடைத்தது இந்தக் காடு ஒன்றுதான். அதைத்தான் நாங்கள் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை. இந்த விளையாட்டின் முதல் பகிரங்கப் போட்டி நடந்ததும் இந்த நாட்டில்தான், ஒஸ்லோவுக்குப் பக்கத்தில்தான்: 1897 ஒக்ரோபர் 31. 19.5 கிலோமீற்றர் ஓட்டம், வழியில் மூன்றே மூன்று போஸ்ட். எங்களுக்கு ஓர் ஒக்ரோபர் கடைசி இருக்கிறது, இந்தக் காட்டுக்கு வேறோர் ஒக்ரோபர் கடைசி. பிள்ளைகளுக்கு இரண்டையும் சொல்லிக் கொடுக்கலாம். ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்க வேண்டாம்.

அடுத்ததாக, உங்களில் பலர் என்னிடம் கேட்கிற கேள்வி. "ஓடத்தான் வேண்டுமென்றால் மைதானத்தில் ஓடலாமே? ரோட்டு வழியே ஓடலாமே? பற்றைக்குள் விழுந்தெழும்பி ஓடுவதெல்லாம் ஒரு போட்டியோ?" இதற்கு நான் வரைபடத்தை விரித்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

எங்கள் வரைபடத்தில் வெள்ளை நிறத்தைக் கண்டால் வெறும் இடம் என்று நினைத்துவிடாதீர்கள். மரங்கள் தள்ளித் தள்ளி நிற்கிற, தாராளமாக ஓடக்கூடிய காடு அது. வெளியான நிலத்துக்கு மஞ்சள், தண்ணீருக்கு நீலம், மேடு பள்ளத்துக்குப் பழுப்புக் கோடு, பாறைக்கும் பாதைக்கும் கறுப்பு. பச்சைதான் பற்றை. இளம்பச்சையில் உங்கள் வழமையான வேகத்தில் 60 முதல் 80 வீதம் கிடைக்கும். நடுப்பச்சையில் 20 முதல் 60 வீதம். அங்கே ஓட்டம் நடையாகிவிடும். கடும்பச்சையில் 20 வீதத்துக்கும் கீழே. அனைத்துலக வரைபட விதிகளில் இந்தக் கடும்பச்சைக்கு இட்டிருக்கும் பெயரே "சண்டை".

அந்தச் சண்டையை நீங்கள் ஒரு தடவையாவது உடம்பால் அறிய வேண்டும். நத்தார் மரமாக வீட்டுக்குள் கொண்டுவந்து வைக்கிறீர்களே, அதே ஸ்புரூஸ் மரம்தான். பழைய காட்டை வெட்டிவிட்டுப் புதிதாக நட்ட இடத்தில், பத்துப் பதினைந்து வருடத்தில், அவை ஆளுயரம் தாண்டி, நிலம் வரை கிளை பரப்பி, ஒன்றுக்குள் ஒன்று கை கோர்த்து நிற்கும். கீழே அந்தப் பழைய வெட்டில் விழுந்த கொப்புகள், உக்கியும் உக்காமலும், ராஸ்பெரிச் செடியால் மூடிக் கிடக்கும். ஒரு காலை வைத்தால் மற்றக் கால் எங்கே இறங்கும் என்று தெரியாது. கண்ணுக்கு முன்னால் கையைப் பிடித்துக்கொண்டு, தோளால் தள்ளித் தள்ளித்தான் போக வேண்டும். மழை நாளென்றால் ஒவ்வொரு கிளையும் ஒரு வாளித் தண்ணீரை உங்கள் கழுத்துக்குள் ஊற்றும். ஐந்து மீற்றருக்கு அப்பால் நிற்கிற ஆள் தெரியாது. நீங்கள் தேடுகிற வெள்ளையும் செம்மஞ்சளுமான கொடியின் பக்கமோ 30 சென்ரிமீற்றர்தான்.

இப்போது கணக்குக்கு வாருங்கள். ஆறாவது போஸ்ட்டில் ஒரு பிள்ளை நிற்கிறாள். ஏழாவதுக்கு நேராகப் போனால் வழியில் 250 மீற்றர் கடும்பச்சை. சுற்றிப் போனால் 800 மீற்றர் பாதை. நல்ல காட்டில் கிலோமீற்றருக்கு 6 நிமிடம் ஓடுகிற பிள்ளை கடும்பச்சையில் கிலோமீற்றருக்கு 30 நிமிடம் எடுப்பாள், அதுவும் எல்லாம் சரியாக நடந்தால். 250 மீற்றருக்கு ஏழரை நிமிடம். பாதையில் கிலோமீற்றருக்கு 5 நிமிடம் என்று வைத்தாலும் 800 மீற்றருக்கு 4 நிமிடம். மூன்று மடங்குக்கு மேல் நீளமான வழி கிட்டத்தட்ட அரைவாசி நேரத்தில் போய்ச் சேர்கிறது. இந்தக் கணக்கை உங்கள் பிள்ளை மூச்சு வாங்கிக்கொண்டு, ஓடிக்கொண்டு, யாரையும் கேட்காமல் போடுகிறாள். போட்ட கணக்குப் பிழைத்தால் அதற்கான தண்டனையும் உடனே, தன் காலாலேயே அனுபவிக்கிறாள். நாங்கள் ரியூசனுக்குக் காசு கட்டி வாங்க நினைப்பது இந்தத் தெளிவைத்தானே?

எல்லா நேரமும் சுற்றிப் போகவும் முடியாது. சில போஸ்ட்டுகளைப் பற்றைக்குள்ளேயேதான் வைப்பார்கள். அப்போது அதற்குப் பக்கத்தில், பிழைக்க முடியாத ஓர் அடையாளத்தை முதலில் பிடிக்க வேண்டும்: ஓடை வளைகிற இடம், சதுப்பின் மூலை, தனித்து நிற்கிற பெரும்பாறை. அங்கே நின்று, மூச்சை அடக்கி, திசைகாட்டியில் திசையை எடுத்து, காலடியை எண்ணிக்கொண்டு உள்ளே போக வேண்டும். அதுவரை பறந்து வந்த பிள்ளை அந்த இடத்தில் வேகத்தைக் குறைக்கத் தெரிந்திருக்க வேண்டும். வேகமாகப் போகத் தெரிந்த எங்கள் பிள்ளைகள் நிறையப் பேர். எந்த இடத்தில் மெதுவாகப் போக வேண்டும் என்று அவர்களுக்கு நாங்கள் சொல்லிக் கொடுத்ததில்லை. பற்றை சொல்லிக் கொடுக்கிறது.

இனித்தான் நான் உண்மையில் சொல்ல வந்தது.

இரண்டு வருடங்களுக்கு முன்னர், இலையுதிர் காலத்தில், மழைக்குள் ஓர் ஓட்டம். ஐந்தாவது போஸ்ட் ஒரு நீளச் சதுப்பின் வடக்கு முனையில். பற்றையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன், முன்னால் நீளச் சதுப்பு. அப்பாடா என்று அதன் முனைக்கு ஓடினேன். கொடி இல்லை. வரைபடத்தில் முனைக்குப் பக்கத்தில் ஒரு பாறை இருந்தது. எனக்கு முன்னாலும் ஒரு பாறை இருந்தது. ஆகவே இடம் சரி, கொடியைத்தான் எங்கேயோ மறைத்து வைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். ஓடை ஒன்று இருக்க வேண்டும், இல்லை; கோடையில் வற்றியிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். மழை கொட்டிக்கொண்டிருக்கிறது, நான் ஓடை வற்றிவிட்டது என்கிறேன்! சதுப்பு கிழக்கே திரும்பியது. வரைபடத்தில் அது நேராகப் போகிறது. திசைகாட்டியைப் பார்த்தேன். முள் எனக்கு எதிராகச் சொன்னது. உடனே எனக்கு வந்த எண்ணம் என்ன தெரியுமா? திசைகாட்டி பழுதாகிவிட்டது.

நான் நின்றது பக்கத்துச் சதுப்பில். அதை ஒத்துக்கொள்ள எனக்கு 40 நிமிடம் எடுத்தது. ஒத்துக்கொண்ட பிறகு, தெரிந்த பாதைக்குத் திரும்பி நடந்து, அங்கிருந்து மறுபடி திசை எடுத்துப் போஸ்ட்டைத் தொட 9 நிமிடம்தான் எடுத்தது.

வழி தவறியவனுக்குக் காட்டில் இரண்டு ஆசைகள் வரும். ஒன்று, இன்னும் வேகமாக ஓடுவது. மற்றது, கண்ணுக்கு முன்னால் இருப்பதை வரைபடத்துக்கு ஏற்றபடி வளைத்துக்கொள்வது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். பயிற்சியின் முதல் நாளிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுவார்கள்: நில். கடைசியாக உனக்கு நிச்சயமாகத் தெரிந்த இடம் எது? அங்கே திரும்பிப் போ. நல்ல காட்டில், பாதைகள் நிறைந்த இடத்தில், இந்த விதி இல்லாமலும் தப்பிவிடலாம்; எங்கேயாவது ஒரு பாதையில் முட்டிக்கொள்வோம். பற்றையில் தப்ப முடியாது. தன்னைத் தானே ஏமாற்றுகிறவனைப் பற்றை விடாது. அதனால்தான் கடினமான காடு வேண்டும் என்கிறேன்.

பெற்றோரே, உங்கள் நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். எங்கள் வீடுகளில் ஒரு பிள்ளை "நான் பிழையான இடத்தில் நிற்கிறேன், திரும்பிப் போகப் போகிறேன்" என்று சொல்ல இடம் இருக்கிறதா? மருத்துவம் படிக்கப் போன பிள்ளைக்கு இரண்டாம் வருடத்திலேயே தெரிந்துவிடுகிறது, இது தனக்கான இடம் இல்லை என்று. திரும்பி நடக்க முடியாது, வீட்டில் அம்மா எல்லாருக்கும் சொல்லிவிட்டா. ஆகவே இன்னும் வேகமாக ஓடுகிறது. இந்தப் பாறைதான் அந்தப் பாறை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு ஓடுகிறது. அப்படி ஓடி, மூச்சுத் திணறி, கதவைப் பூட்டிக்கொண்டு படுத்த பிள்ளைகளை எங்கள் சமூகத்தில் நீங்களும் கண்டிருக்கிறீர்கள், நானும் கண்டிருக்கிறேன். பெயர் சொல்லிப் பேசமாட்டோம். கோயிலில் சந்தித்தால் தாய் தகப்பனிடம் வேறு கதை கதைப்போம்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இரண்டு மூன்று தடவை பிழைவிட்டு, நின்று, ஒத்துக்கொண்டு, திரும்பி, மறுபடி கண்டுபிடித்துப் பழகிய பிள்ளைக்கு அது வாழ்க்கையிலும் வராதா? கட்டாயம் வரும் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் பாதையை விட்டே இறங்காத பிள்ளைக்கு அது எங்கிருந்து வரும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆபத்தே இல்லை என்று உங்களுக்குப் பொய் சொல்லமாட்டேன். கீறும். கால் பிரளும். உண்ணி கடிக்கும், வீட்டுக்கு வந்தவுடன் உடம்பைத் தடவிப் பார்த்து எடுத்துவிட வேண்டும். தெற்குக் கரையோரங்களில் ஓடுகிறவர்கள் உண்ணியால் வருகிற மூளைக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. முழுக்காற்சட்டை போட வேண்டும் என்று சொல்வது அழகுக்காக இல்லை. 1950-களின் இறுதியிலும் 1960-களின் தொடக்கத்திலும் சுவீடனில் 500-க்கும் மேற்பட்ட ஒரியன்டேரிங்காரருக்குக் கல்லீரல் அழற்சி தொற்றியது. பற்றை கீறிய காயங்களோடு ஒரே தண்ணீரில் கால் கழுவியதையும் அதற்குக் காரணமாகக் கண்டார்கள். உடம்பை மூடிக்கொண்டு ஓடும் பழக்கம் அந்தப் பாடத்தில் இருந்து வந்தது. இந்த விளையாட்டு ஆபத்தை மறைக்கவில்லை. பார்த்து, எண்ணி, விதி எழுதி வைத்திருக்கிறது. புறப்பட்ட ஒவ்வொருவரும் திரும்பி வந்தார்களா என்று கணக்குப் பார்க்காமல் ஓட்டத்தை முடிக்கமாட்டார்கள். பாதியில் விட்டுவிட்டு வந்தாலும் முடிவிடத்துக்கு வந்து சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். கழுத்தில் ஒரு விசிலும் மாட்டிவிடலாம். காயப்பட்டவரைக் கண்டால் நின்று உதவுவது ஓடுகிறவரின் கடமை என்று போட்டி விதியிலேயே இருக்கிறது.

அந்த விதி ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2009 ஆம் ஆண்டு, ஹங்கேரியில் மிஷ்கோல்ட்ஸ் நகரத்தை ஒட்டி உலகப் போட்டி. ஆண்களுக்கான அஞ்சலோட்டத்தின் கடைசிச் சுற்று. பதக்கத்துக்காக முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த சுவீடன் வீரர் மார்ட்டின் யொஹான்சனின் தொடையில் ஒரு மரக்கொப்பு ஆழமாகக் குத்தி இறங்கிவிட்டது. அவரோடு பதக்கத்துக்குப் போட்டியிட்டுக்கொண்டிருந்த மூன்று பேர், பிரான்சின் தியரி கியோர்ஜியூ, நோர்வேயின் அண்டர்ஸ் நூர்ட்பெர்க், செக் நாட்டின் மிஹால் ஸ்மோலா, ஓட்டத்தை நிறுத்திவிட்டார்கள். இரத்தத்தைக் கட்டுப்படுத்தினார்கள், உதவிக்கு ஆள் அழைக்க ஓடினார்கள். நான்கு நாடுகளின் பதக்கக் கனவு அந்தப் பற்றைக்குள் முடிந்தது. தங்கம் சுவிட்சர்லாந்துக்குப் போனது. அன்றைக்கு யார் இரண்டாவது, யார் மூன்றாவது என்று எங்கள் கழகத்துப் பிள்ளைகளைக் கேட்டால் யோசிப்பார்கள். நின்ற மூவரின் பெயரைக் கேட்டால் உடனே சொல்வார்கள். காட்டுக்குள் பிள்ளை தனியாகிவிடும் என்று பயப்படுகிறீர்கள். அங்கே தனியாக ஓடுகிறவர்கள் ஒருவரை ஒருவர் எப்படி நினைத்துக்கொள்கிறார்கள் என்பதையும் பாருங்கள்.

"பொம்பிளைப்பிள்ளையைத் தனியக் காட்டுக்குள்ள விடுறதோ?" என்கிறீர்கள். மகனுக்குச் சரி, மகளுக்கு வேண்டாம் என்று ஒரே வீட்டில் இரண்டு சட்டம் போடுகிறீர்கள். உலகப் போட்டிகளில் 23 தங்கம் வென்றவர் ஒரு பெண், சுவிட்சர்லாந்தின் சிமோன் நிக்லி. இடையில் மூன்று பிள்ளைகளைப் பெற்று, மறுபடி காட்டுக்குத் திரும்பி வந்து வென்றவர். எங்கள் மகள்மாருக்கு 23 தங்கம் வேண்டாம். இருட்டுகிற நேரத்தில் ஒரு புது ஊரில் இறங்கினால், யாரையும் தொலைபேசியில் அழைக்காமல், தான் எங்கே நிற்கிறாள் என்று அவளுக்குத் தெரிந்தால் போதும். நாளை அவள் போகப்போகிற இடங்களுக்கு நீங்கள் பின்னால் போக முடியாது.

இன்னுமொரு முறைப்பாடு. சிறிது காரமாகவே சொல்கிறேன், மன்னியுங்கள். ஓட்டம் முடிந்ததும் உங்களில் சிலர் நேரே போய், ஓட்டத்தை வகுத்தவரிடம் சண்டை பிடிக்கிறீர்கள். "ஏன் பிள்ளைகளைப் பச்சைக்குள் விடுகிறீர்கள்? பாதையோரமாக வைக்கக் கூடாதா?" அந்த மனிதர் சம்பளம் வாங்குகிறவர் இல்லை. வேலை முடிந்து வந்து, மாலை மாலையாகக் காட்டுக்குள் போய், ஒவ்வொரு இடத்தையும் தன் காலால் சோதித்து வைத்தவர். பிள்ளைகளை அவர் திடீரென்று பற்றைக்குள் தள்ளுவதும் இல்லை. தொடக்கநிலையில் போஸ்ட்டெல்லாம் பாதையிலேயே இருக்கும். அடுத்த நிலையில் பாதையில் இருந்து கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில். பிறகு ஓடை, வேலி, சதுப்பின் ஓரம் என்று பிடித்துக்கொண்டு போக. கடைசி நிலையில்தான், ஏறக்குறைய 15 வயதில், முழுக் காடும் திறக்கிறது. படிப்படியாகத்தான் ஏற்றுகிறார்கள். படியேறி வந்த பிள்ளையைக் கடைசிப் படியில் வைத்து நீங்கள்தான் இறக்குகிறீர்கள்.

"எத்தனையாம் இடம்?" என்ற கேள்வியையும் சொல்லாமல் விட முடியாது. இந்த நாட்டின் சிறுவர் விளையாட்டு விதிப்படி 11 வயதாகிற ஆண்டுக்கு முன்னர் பிள்ளைகளைத் தரவரிசைப்படுத்தக் கூடாது. நாங்கள் அதற்கு முதலே, காரில் ஏறி இருக்கைப்பட்டி போடும் முன்னரே, பிள்ளையிடம் கேட்டு எழுதிக்கொள்கிறோம். முதலாவதாக வந்தாலும் "எத்தனை பேர் ஓடினவை?" என்று அடுத்த கேள்வி. அந்தப் பிள்ளைக்கு எங்களிடம் சொல்ல வேறு எதுவுமே இருக்கவில்லையா?

நான் கேட்பது மூன்றே மூன்று.

முதலாவது, பிள்ளை காட்டுக்குள் போன பிறகு பின்னால் போகாதீர்கள், கத்தாதீர்கள். உங்கள் கால் துடிக்கும், எனக்குத் தெரியும். தேத்தண்ணி ஊற்றிக் குடியுங்கள். விசில் கேட்டால் அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது, வருகிற பருவத்தில் ஒரு புதன்கிழமை மாலை நீங்களும் ஒரு வரைபடத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போங்கள். தொடக்கநிலையே போதும். ஓட வேண்டாம், நடவுங்கள். பாதையில் இருந்து பத்து அடி இறங்கும்போது உங்கள் உடம்பு பழையதை நினைக்கும். நினைக்கட்டும். கொஞ்ச நேரம் அங்கேயே நில்லுங்கள். பெருவிரலை வரைபடத்தில் வையுங்கள். "நான் இங்கே நிற்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். பல வருடங்களுக்குப் பிறகு ஒரு காட்டுக்குள் நின்று அந்த வார்த்தையைச் சொன்ன நாளில் நான் அழுதேன். மழை பெய்துகொண்டிருந்ததால் ஒருவருக்கும் தெரியாது.

மூன்றாவது, முடிவிடத்தில் கேட்கிற கேள்வியை மாற்றுங்கள். எத்தனையாம் இடம் என்பதை எமிட் சொல்லிவிடும். நீங்கள் கேளுங்கள்: எந்த இடத்தில் பிழைத்தது? பிழைத்தது என்று எப்படித் தெரிந்தது? பிறகு என்ன செய்தாய்? கேட்டுவிட்டு, பதிலை முழுதாகக் கேளுங்கள். குறுக்கே புத்தி சொல்லாதீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காரை நோக்கி நடந்த தகப்பனே, இதை நீங்கள் வாசிப்பீர்கள் என்று நம்புகிறேன். அடுத்த ஓட்டத்துக்குப் பெயர் பதிய வியாழக்கிழமை இரவு வரை நேரம் இருக்கிறது. அதை நான் செய்ய முடியாது, நீங்கள்தான் செய்ய வேண்டும். அதற்கு முதல், இன்றைக்கு இரவு சாப்பாட்டு மேசையில், ஏழாவது போஸ்ட்டை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று மகளிடம் கேளுங்கள். அவள் அதை இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை.

உங்களில் ஒருவன்